தூரத்துக் குரலைத் தேடும் செவிகள்

1985ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தின் முதல் வாரம். மும்பை தாராவியில் நாங்கள் ஐந்து பேர் வசித்த ஒரே அறை. அம்மா ஸ்டவ் அடுப்பில் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். தோல் கிடங்கு ஒன்றில் கணக்கு எழுதும் வேலை முடிந்து அப்பா திரும்பியிருந்தார்கள். முகம் கழுவியதும் ஆணியில் தொங்கிய தோலுறை போட்ட டிரான்சிஸ்டரை எடுத்து மடியில் வைத்துக்கொள்வது அவர்களுடைய அன்றாட வழக்கம். பாட்டுக் கேட்பதற்காக அல்ல, திருநெல்வேலியைத் தேடுவதற்காக!

திருச்சிராப்பள்ளி நிலையம் பல இரவுகளில் கிடைக்கும். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல எழும்பும்; அடங்கும்; மறுபடியும் எழும்பும். ஆனால் 1963இல் தொடங்கப்பெற்ற எங்கள் திருநெல்வேலி நிலையம் மட்டும் ஒருநாளும் கிட்டியதில்லை. 1197 கிலோஹெர்ட்ஸில் அது ஒலிக்க, அதை ஒட்டிய அலைவரிசையில் உள்ளூர் நிலையம் ஒன்று முழு வலிமையோடு ஒலித்துக்கொண்டிருந்தது. முள்ளை மயிரிழை அளவு நகர்த்தினாலும் அந்த உள்ளூர்ப் பாட்டே வந்து நிற்கும். ஆயினும் அப்பா தேடுவதை விடவில்லை.

அந்த மாலையில் ஏழு மணிக்குச் சற்று முன்பாக, என்ன காரணத்தினாலோ, அந்த உள்ளூர் நிலையம் திடீரென்று மௌனமாயிற்று. அலைவரிசையில் ஒரு வெறுமை. அதனுள் மெல்லிய இரைச்சல். அந்த இரைச்சலுக்குள் ஓர் ஆண் குரல். நெற்பயிருக்கு மேலுரம் இடுவதைப் பற்றி யாரோ ஒரு விவசாயி பேசிக்கொண்டிருந்தார். "பிசானம்" என்ற ஒரு சொல் தெளிவாக விழுந்தது.

அப்பா கையை உயர்த்தினார்கள். "ஏல, சத்தம் போடாதிய! இது நம்ம ஊரு!"

நிலையத்தின் பெயரை அறிவிப்பாளர் சொல்லவேயில்லை. ஆனால் தாமிரபரணிப் பாசனத்து மக்கள் அல்லவா சாகுபடிப் பருவத்தைக் காரென்றும் பிசானம் என்றும் அழைப்பார்கள்! அந்த ஒரு சொல்லே அப்பாவுக்குப் போதுமானதாயிருந்தது. 'வயலும் வீடும்' நிகழ்ச்சி ஆறேழு நிமிடங்கள் எங்கள் அறைக்குள் ஒலித்தது. பின்பு உள்ளூர் நிலையம் உயிர்பெற்றது, ஊர் மறைந்துபோயிற்று.

அன்று அப்பா செய்துகொண்டிருந்தது உலகெங்கும் பெயர்பெற்ற ஒரு பொழுதுபோக்கு என்பது பல ஆண்டுகளுக்குப் பின்னரே எனக்குத் தெரியவந்தது.

டி.எக்ஸ். என்றால் என்ன?

தந்திக் காலத்தில் 'தொலைவு' என்பதைக் குறிக்க இயக்குநர்கள் பயன்படுத்திய சுருக்கக் குறியே டி.எக்ஸ். தங்கள் பகுதிக்கென்று ஒலிபரப்பப்படாத, மிகத் தொலைவிலுள்ள நிலையங்களைத் தேடிப்பிடித்துக் கேட்பவர்கள் டி.எக்ஸர்கள் எனப்பட்டனர். அவர்களில் சிற்றலையை நாடுவோர் ஒருபுறம், ஏ.எம். எனப்படும் மத்திய அலையை நாடுவோர் மறுபுறம். சிற்றலை கண்டங்களைத் தாண்டுவதற்கென்றே ஏற்பட்டது. மத்திய அலையோ சுற்றுவட்டார மக்களுக்காக ஒலிபரப்பப்படுவது. ஆகவே மத்திய அலையில் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஒரு குரலைப் பிடிப்பது, அடுத்த மாவட்டத்துக் கோயில் மணியோசையை நம் வாசலில் நின்று கேட்பதற்கு ஒப்பாகும்.

ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா ஆகிய கண்டங்களில் மத்திய அலை நிலையங்கள் 531 முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரை, ஒன்பது ஒன்பதாக இடைவெளி விட்டு அமைக்கப்பட்டுள்ளன. 1975இல் ஜெனீவாவில் வகுக்கப்பட்டு 1978 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு இது. அமெரிக்கக் கண்டங்களிலோ இடைவெளி பத்து கிலோஹெர்ட்ஸ். ஆகையால் இலக்கமுறை வானொலி வாங்குவோர் அதில் ஒன்பது கிலோஹெர்ட்ஸ் படிமுறை உள்ளதா என்று பார்த்து வாங்குதல் நலம்.

இரவில் மட்டும் ஏன்?

பகலில் ஐம்பது நூறு கிலோமீட்டருக்குள் அடங்கிப்போகும் சிறு நிலையம், இரவில் ஆயிரம் கிலோமீட்டர் கடந்து வருவது எப்படி? இக்கேள்வியை முதலில் எதிர்கொண்டவர் மார்க்கோனியே. 1902ஆம் ஆண்டு 'பிலடெல்பியா' என்ற கப்பலில் அட்லாண்டிக் கடலைக் கடக்கையில், இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்ட சைகைகள் பகலைவிட இரவில் மிக அதிகத் தொலைவுக்கு எட்டுவதை அவர் கண்டார். அதே ஆண்டில் அமெரிக்காவில் கென்னலியும் இங்கிலாந்தில் ஹெவிசைடும், வானில் மின்னேற்றம் பெற்ற ஓர் அடுக்கு இருந்து அலைகளைத் திருப்பி அனுப்புகின்றதென்று தனித்தனியே கருத்துரைத்தனர்.

அதை மெய்ப்பித்தவர் எட்வர்ட் ஆப்பிள்டன். 1924 டிசம்பரில், போர்ன்மவுத் நகரிலிருந்த பி.பி.சி. நிலையத்தின் அலைநீளத்தைச் சிறிது சிறிதாக மாற்றச் செய்து, ஆக்ஸ்போர்டில் அந்த ஒலியை அளந்தார். நிலத்தை ஒட்டி வந்த அலையும், வானில் மோதித் திரும்பிய அலையும் சேர்ந்து ஏறியும் இறங்கியும் ஒலித்தன. அதைக் கணக்கிட்டு, ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் உயரத்தில் அந்த அடுக்கு இருப்பதாகக் கண்டார். 1947இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் கொல்கத்தாவில் இத்துறையை வளர்த்த சிசிர் குமார் மித்ரா, மேல் வளிமண்டலத்தைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற ஆங்கில நூல் வெளிவந்ததும் அதே 1947இல்தான்.

அயனி மண்டலத்தின் கீழ்ப்பகுதி, அறுபது முதல் தொண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் 'டி' அடுக்கு. பகலில் சூரிய ஒளியால் அது வலுப்பெற்று, மத்திய அலைகளை உறிஞ்சிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கரைந்துபோகிறது. அப்போது அலைகள் தடையின்றி மேலேறி, உயரத்திலுள்ள அடுக்குகளில் பட்டு வளைந்து, தொலைதூரத்தில் தரையிறங்குகின்றன. திரை விலகுவதும் மூடுவதுமாகிய சூரிய அஸ்தமன, உதய வேளைகள் டி.எக்ஸர்களுக்குப் பொன்னான நேரங்கள். குளிர்காலத்தில் இரவு நீளம். இடிமின்னலின் இரைச்சலும் குறைவு. எனவே நவம்பர் முதல் பிப்ரவரி வரை இதற்கு ஏற்ற பருவம்.

மௌன இரவுகள்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கே.டி.கே.ஏ. நிலையம் 1920 நவம்பர் 2ஆம் தேதி ஒலிபரப்பைத் தொடங்கியபின், அந்நாட்டில் வானொலி காட்டுத்தீயெனப் பரவிற்று. தொலைதூர நிலையங்களை எண்ணிக்கை வைத்துப் பிடிப்பது அன்றைய குடும்பங்களின் பெரும் வேடிக்கை. ஆனால் உள்ளூர் நிலையங்கள் பெருகப் பெருக, தொலைவிலுள்ளவை அவற்றின் அடியில் அமிழ்ந்துபோயின.

அப்பொழுது பல நகரங்களில் அழகானதொரு வழக்கம் ஏற்பட்டது. வாரத்தில் ஓர் இரவு, அந்நகரின் நிலையங்களெல்லாம் தாமாகவே ஒலிபரப்பை நிறுத்திக்கொள்ளும். சிகாகோ நகரில் அது திங்கட்கிழமை இரவு. அதற்கு 'மௌன இரவு' என்று பெயர். தங்கள் நகர மக்கள் தூரத்துக் குரல்களைக் கேட்கட்டும் என்பதற்காக, அருகிலிருப்பவர்கள் வாய்மூடி இருந்தார்கள்! 1920களின் நடுவில், ஐரோப்பிய நிலையங்களைக் கேட்பதற்கென்று வட அமெரிக்க நிலையங்கள் குறித்த நேரத்தில் அமைதி காத்த சோதனை வாரங்களும் நடைபெற்றன. விளம்பர வருமானம் பெருகியபோது இவ்வழக்கம் மறைந்துபோயிற்று. எனினும் ஆர்வம் மறையவில்லை. 1933இல் தொடங்கப்பட்ட 'நேஷனல் ரேடியோ கிளப்' என்னும் அமெரிக்க மன்றம், மத்திய அலை நேயர்களுக்கென்றே பன்னெடுங்காலம் இதழ் நடத்திவந்தது.

எங்கள் அறையில் அன்று நேர்ந்ததும் ஆறேழு நிமிட மௌன இரவுதானே! அருகிலுள்ளது அடங்கினால் அல்லவா தூரத்திலுள்ளது கேட்கும்?

கடல் கடந்து வந்த நற்செய்தி

நம்முடைய சபைகளில் மூத்தவர்கள், தாங்கள் அறியாமலேயே டி.எக்ஸர்களாக இருந்தவர்கள். இலங்கையின் புத்தளத்தில் டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோவின் 400 கிலோவாட் மத்திய அலை ஒலிபரப்பி 882 கிலோஹெர்ட்ஸில் இயங்கிற்று. 1970களின் பிற்பகுதியிலிருந்து அங்கிருந்து கடல் கடந்து வந்த நற்செய்தி நிகழ்ச்சிகளுக்காகத் தென்தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் வானொலி திறந்திருந்தது. கடல்நீர் மத்திய அலைகளுக்கு நல்ல பாதை. உப்பு நீரின்மேல் அவை வலிமை குன்றாமல் வெகுதூரம் செல்லும். ஆகவே கடற்கரையோர மக்களுக்கு அக்குரல் தெளிவாகக் கிட்டியது.

ஆலய ஆராதனை வானொலியில் ஏறியதும் புதிதல்ல. 1921 ஜனவரி 2ஆம் தேதியே மேற்கூறிய பிட்ஸ்பர்க் நிலையம், கால்வரி ஆலயத்து ஞாயிறு ஆராதனையை நேரடியாக ஒலிபரப்பிற்று.

நகரத்தில் கேட்பது எப்படி?

"இப்பொழுது ஏ.எம். பக்கம் திருப்பினால் 'கொர்ர்' என்ற சத்தந்தானே வருகிறது?" என்று நீங்கள் கேட்கலாம். உண்மையே. அந்தச் சத்தத்தில் பெரும்பகுதி வானத்திலிருந்து வருவதன்று. நம் வீட்டிலிருந்தே வருவது! எல்.இ.டி. விளக்குகள், கைப்பேசி மின்னேற்றிகள், இன்வெர்ட்டர், தொலைக்காட்சிப் பெட்டி, லிஃப்ட் மோட்டார் ஆகிய அனைத்தும் மத்திய அலையில் இரைச்சலைக் கொட்டுகின்றன. வானொலியை மின்கலத்தில் இயக்கி, வீட்டிலுள்ள மின்கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எது குற்றவாளி என்று தெரிந்துவிடும். பிறர் சலித்துக்கொள்ளும் மின்வெட்டு, டி.எக்ஸருக்கு வரப்பிரசாதம். கான்கிரீட் சுவர்கள் அலைகளைத் தடுப்பதால் ஜன்னலோரமோ மொட்டைமாடியோ சிறந்த இடம்.

அடுத்ததாக, வானொலிக்குத் திசை உண்டு என்பதை அறியவேண்டும். சிறிய வானொலிகளின் உள்ளே ஃபெரைட் என்னும் கருநிறத் தண்டில் கம்பி சுற்றப்பட்டிருக்கும். அதுவே மத்திய அலைக்கான ஏரியல். அத்தண்டின் பக்கவாட்டுப்பகுதி நிலையத்தை நோக்கியிருந்தால் ஒலி வலுக்கும். முனை நோக்கியிருந்தால் ஒலி தேய்ந்துவிடும். பெட்டியை மெதுவாகச் சுழற்றினால், தொல்லை தரும் நிலையத்தை அடக்கி, அதன் அடியிலுள்ள வேறு நிலையத்தை வெளிக்கொணர இயலும்.

அப்பாவும் பெட்டியைச் சுழற்றாத திசையில்லை. ஆனால் பலிக்கவில்லை. காரணம் இப்போது விளங்குகிறது. அந்த உள்ளூர் நிலையத்தின் கோபுரம் எங்களுக்கு வடக்கே, சற்று மேற்காக இருந்தது. திருநெல்வேலியோ நேர் எதிரே, தெற்கே சற்றுக் கிழக்காக, சுமார் 1,250 கிலோமீட்டர் தொலைவில். இரண்டும் ஏறக்குறைய ஒரே கோட்டில்! ஒன்றை அடக்கினால் மற்றதும் சேர்ந்தே அடங்கிவிடும். தண்டின் இரு முனைகளுக்கும் ஒரே குணம் அல்லவா? பாவம், அப்பா வருடக்கணக்கில் இயலாத காரியத்தை முயன்றுகொண்டிருந்தார்கள்.

இன்னும் ஆர்வமுள்ளோர் சட்ட ஏரியல் ஒன்றைச் செய்துகொள்ளலாம். பள்ளிப் பிள்ளைகளுடன் சேர்ந்து விடுமுறையில் செய்யத்தக்க எளிய வேலை இது. இரண்டு மரச்சட்டங்களைச் சிலுவை வடிவில் பொருத்தி, பக்கத்துக்கு 60 சென்டிமீட்டர் வரும் சதுரமாக, உறையிட்ட மெல்லிய செப்புக் கம்பியை அரை சென்டிமீட்டர் இடைவெளியில் பன்னிரண்டு சுற்றுகள் சுற்றவேண்டும். கம்பியின் இரு முனைகளையும் பழைய வானொலியிலிருந்து கழற்றிய கேங் கண்டென்சரில் இணைக்கவேண்டும். அவ்வளவே. வானொலிக்கு இதிலிருந்து எந்த இணைப்பும் வேண்டியதில்லை. அருகில் வைத்துக் கண்டென்சரைத் திருப்பினால், குறித்த இடத்தில் மங்கலான நிலையம் சட்டென்று எழும்பும். மின்சாரம் தேவையில்லை, ஆபத்துமில்லை. ஆனால் மாடியிலிருந்து நீண்ட கம்பிகளை வெளியே கட்டுவதைத் தவிர்க்கவும். மின்கம்பிகளாலும் இடிமின்னலாலும் உயிருக்கே கேடு நேரலாம்.

குறிப்பேடும் சான்று அட்டையும்

கேட்டதைக் குறித்துவைப்பது இப்பொழுதுபோக்கின் பாதிச் சுவை. தேதி, நேரம், அலைவரிசை, கேட்ட நிகழ்ச்சி, மொழி, அறிவிப்பு ஆகியவற்றை எழுதவேண்டும். வெளிநாட்டு நிலையங்களுக்கு எழுதும்போது உலகப் பொது நேரத்தைக் குறிப்பது மரபு. நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழித்தால் அது கிடைக்கும். நமக்கு இரவு 9.30 என்றால் பொது நேரம் 16.00 மணி.

ஒலியின் தரத்தைச் 'சின்போ' என்னும் ஐந்து இலக்கங்களால் குறிப்பர். வலிமை, பிற நிலையக் குறுக்கீடு, இயற்கை இரைச்சல், ஏற்ற இறக்கம், மொத்தத் தரம் ஆகியவை முறையே அவை. ஒவ்வொன்றுக்கும் ஐந்து மிகச் சிறப்பு. ஒன்று மிக மோசம். இவ்விவரங்களை நிலையத்துக்கு அனுப்பினால், சரிபார்த்து, "நீங்கள் கேட்டது எங்கள் ஒலிபரப்பே" என்று சான்றளிக்கும் அட்டை அனுப்பும் நிலையங்கள் உண்டு. இதைக் க்யூ.எஸ்.எல். அட்டை என்பர். 1920களில் சிகாகோவின் எக்கோ நிறுவனம், தபால்தலை போன்ற சான்று வில்லைகளை அச்சிட்டு இதையே ஒரு சேகரிப்பாக்கிற்று.

இதில் ஒரு நேர்மை உண்டு. நிலையத்தின் பெயர் காதில் விழாதபோது, "இதுவாகத்தான் இருக்கும்" என்று ஊகித்து எழுதக்கூடாது. கேட்டதை மட்டுமே எழுதவேண்டும். மொழி, பாடல், ஊர்ப்பெயர், பயிரின் பெயர் ஆகியவற்றைத் துப்பாகக் கொண்டு, உறுதியானால் மட்டுமே குறிக்கவேண்டும். இதில் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்பவருக்கு எந்த இன்பமும் இல்லை.

மறையும் குரல்கள்

இன்று மத்திய அலை உலகெங்கும் சுருங்கிவருகிறது. ஜெர்மனியின் பொதுத்துறை நிலையங்கள் 2015ஆம் ஆண்டின் இறுதிக்குள் மத்திய அலையைக் கைவிட்டன. அமெரிக்காவில் புதிய மின்சாரக் கார்கள் சிலவற்றில் ஏ.எம். வானொலியே நீக்கப்பட்டதால், எல்லா வாகனங்களிலும் அதைக் கட்டாயமாக்கக் கோரும் மசோதா 2023இல் கொண்டுவரப்பட்டது. பேரிடர் வேளையில் கைப்பேசிக் கோபுரங்கள் விழுந்தாலும், ஒரே கோபுரத்தைக் கொண்டு பல மாவட்டங்களுக்குச் செய்தி சொல்ல ஏ.எம். ஒலிபரப்பால் இயலும் என்பதே அவர்களது வாதம். பண்பலைக்கு அத்தகைய வீச்சு கிடையாது. அது பெரும்பாலும் கண்ணுக்கெட்டும் தொலைவோடு நின்றுவிடும்.

நம் நாட்டில், நாக்பூரிலிருந்து 1566 கிலோஹெர்ட்ஸில் இரவுதோறும் நாடு முழுவதும் கேட்ட தேசிய அலைவரிசை 2019 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. ஆகாசவாணியின் பழைய மத்திய அலை ஒலிபரப்பிகள் பலவும் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்வு பெற்றுள்ளன. முப்பதுக்கும் மேற்பட்டவை டி.ஆர்.எம். என்னும் இலக்கமுறைக்கு ஏற்றவாறு அமைக்கப்பட்டன. ஆகவே நாம் இளமையில் கேட்ட நிலையம் அதே இடத்தில் இன்றும் இருக்கும் என்று எண்ணித் தேடவேண்டாம், இருப்பதைத் தேடுவோம். ஒரு நிலையம் ஓயும்போது, அதன் நிழலில் இதுவரை மறைந்திருந்த தொலைதூர நிலையம் ஒன்று வெளிப்படுவதும் உண்டு. மேற்குக் கடற்கரை நகரங்களில் கடலுக்கு அப்பாலிருந்து அரபு மொழிக் குரல்கள் இரவில் வந்தெட்டுவதைக் கேட்கலாம்.

"கைப்பேசிச் செயலியில் தமிழ் நிலையங்களெல்லாம் தெளிவாகக் கிடைக்கும்போது, இந்தப் பாடு எதற்கு?" என்று என் மகன் கேட்கிறான். நியாயமான கேள்வி. நானும் செயலியில் கேட்பவன்தான். ஆனால் செயலியில் ஊர் எப்பொழுதும் இருக்கிறது. ஆகவே நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளிப்போடுகிறோம். வானொலியில் அது வந்தால் வந்ததுதான். அந்த ஆறேழு நிமிடங்களில் எங்கள் வீட்டில் ஒருவரும் பேசவில்லை. அம்மா அடுப்பைக்கூடத் தணித்துவிட்டார்கள். அப்படி ஒன்றுகூடிக் காதுகொடுத்த வேளை எங்கள் குடும்பத்தில் அதிகம் இருந்ததில்லை.

அன்றிரவு சாப்பிடும்போது அப்பா ஒன்றும் பேசவில்லை. நான்கு வருடங்களாக அவர்கள் ஊருக்குப் போகவில்லை. விடுப்பு இல்லை, வண்டிக்கூலி இல்லை, அடுத்த வருடம் பார்ப்போம் என்று கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்கள். மறுநாள் விடியுமுன்பே எழுந்து வி.டி. ரயில் நிலையத்தில் வரிசையில் நின்று, கடன் வாங்கிய பணத்தில் ஐந்து பயணச்சீட்டுகளோடு திரும்பினார்கள். அந்தக் கிறிஸ்துமஸ் பண்டிகையை ஆச்சியோடு கொண்டாடினோம். வயலில் பிசானப் பயிர் முழங்கால் உயரம் நின்றது. "ரேடியோவுல நம்ம ஊரு வந்துச்சும்மா, அதான் வந்துட்டேன்" என்று அப்பா சொன்னபோது, ஆச்சி அதை நம்பவில்லை, சிரித்தார்கள். அதற்கு அடுத்த கிறிஸ்துமஸ் வருமுன் ஆச்சி காலமாகிவிட்டார்கள்.

அன்பு வாசகர்களே, வரும் குளிர்காலத்தில் ஓர் இரவு, வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு, பிள்ளைகளை அருகில் அமர்த்தி, பழைய வானொலியின் முள்ளை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். எந்த ஊர் வருமோ, தெரியாது. ஏதாவது ஒரு குரல் வரும். அது யாருடைய ஊர் என்று பிள்ளைகளோடு சேர்ந்து கண்டுபிடியுங்கள். அதன்பின், நெடுநாளாய்ப் பேசாமலிருக்கும் உங்கள் ஊருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு விடுங்கள்.